நியூட்ரலும் விழவில்லை, மேடும் ஏறவில்லை: 150 சிசி வண்டியின் கிளட்சைக் கழற்றிய பதிவு

கிளட்ச் கெட்டால் ஒன்று ஒட்டும், இல்லையென்றால் வழுக்கும். லீவரை முழுசாகப் பிடித்த பிறகும் இன்ஜின் சக்கரத்தை இழுத்துக்கொண்டே இருந்தால் ஒட்டுகிறது. லீவரை விட்ட பிறகும் இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி பின்தங்கினால் வழுக்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். என் வண்டிக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வந்திருந்தது. பெங்களூரு டொம்லூர் சிக்னலில் நியூட்ரல் விழாமல் லீவரைப் பிடித்தே நிற்க வேண்டும். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை நந்தி மலை ஏறினால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஒட்டுகிற கிளட்ச் எப்படி வழுக்கும்? இதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். கடைசியில் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது, கையில் கிரீஸ் நெடி மட்டும் இன்னும் போகவில்லை, அதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்டி 2014 மாடல், 150 சிசி, ஐந்து கியர், 61,000 கிலோமீட்டர் ஓடியது. கிளட்ச் பிளேட் வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை. அல்சூரிலிருந்து மாரத்தஹள்ளிக்குப் பழைய விமான நிலையச் சாலை வழியாகத் தினசரி ஓட்டம். அந்தச் சாலையை மாலையில் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முருகேஷ்பாளையாவில் ஆரம்பித்து எச்.ஏ.எல். தாண்டும்வரை பாதி கிளட்சில் ஊர்வதுதான் ஓட்டுவதே. ஹைவேயில் ஓடிய 61,000-க்கும் இதற்கும் நிறைய வித்தியாசம், அதனால் கிலோமீட்டர் கணக்கை வைத்து "இன்னும் பிளேட் போயிருக்காது" என்று யாராவது சொன்னால் எந்த ஊர்க் கிலோமீட்டர் என்று கேளுங்கள்.

முதலில் வந்தது நியூட்ரல் பிரச்சினை. சிக்னலில் நின்றபடி ஷூ நுனியால் முதல் கியரிலிருந்து லேசாகத் தூக்கினால் நேராக இரண்டாவதுக்குப் போகும், அழுத்தினால் மறுபடி முதலுக்கு வரும். ஆனால் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டால் உடனே நியூட்ரல் விழுந்துவிடும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், இது முக்கியமான அடையாளம். அணைத்தால் விழுகிறது, ஓடும்போது விழவில்லை என்றால் பெரும்பாலும் கியர் பாக்ஸ் மேல் குற்றம் இல்லை. கிளட்ச் முழுதாக விடவில்லை, உள்ளே ஷாஃப்ட் இன்னும் இழுபடுகிறது என்று பொருள்.

ஆபீஸ் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்தீனி சார்" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்றேன்) என்று கன்னடத்தில் சொல்லி ஹேண்டில் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரை இரண்டு சுற்று வெளியே திருப்பினார், நியூட்ரல் விழுந்தது, காசுகூட வாங்கவில்லை. சில வாரம் கழித்து மறுபடி விழவில்லை, மறுபடி திருப்பல். இப்படியே போய் ஒரு கட்டத்தில் லீவரில் கொஞ்சம்கூட லூஸ் இல்லை. அட்ஜஸ்டர் மரை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே வந்து, மீதி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. நியூட்ரல் விழுகிறதே என்று நானும் அப்படியே ஓட்டினேன்.

அப்புறம்தான் நந்தி மலை. 1,478 மீட்டர் உயரம், கடைசிப் பகுதி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் மனைவி. மூன்றாவது கியரில் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரைத் திருப்பினால் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. கொஞ்ச தூரத்தில் கருகல் வாசனை. ஓரமாக நிறுத்திக் கால்மணி நேரம் ஆற விட்டு, மீதியை முதல் கியரில் மெதுவாக ஏற்றினேன். இறங்கி வந்து தேவனஹள்ளி பக்கம் சமதளத்தில் ஒரு முறை பார்த்தேன்: ஐந்தாவது கியரில் 60 வேகத்துக்கு எப்போதும் 5,000-ஐ ஒட்டி நிற்கும் முள், ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று திருப்பினால் 5,800 வரை தாவிவிட்டு மெல்ல இறங்குகிறது, வேக முள் அசையவே இல்லை. வழுக்கல் உறுதி.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, இதுவரை திருப்பியதை எல்லாம் அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து அட்ஜஸ்ட் செய்தது. இதற்கு இரண்டு 12 ஸ்பேனர் போதும். முதலில் ஹேண்டில் பக்க அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருப்பி, அங்கிருந்து ஒன்றிரண்டு சுற்று மட்டும் வெளியே கொண்டு வந்தேன். பிறகு கீழே, இன்ஜின் வலது கவர் பக்கம் கேபிள் வந்து சேரும் இடத்தில் இரண்டு நட்டு இருக்கும். அதில் லாக் நட்டைத் தளர்த்தி மற்றதைத் திருப்பி, லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா அசையும்படி வைக்க வேண்டும். என் வண்டி மேனுவல் சொல்லும் அளவு அது. சில வண்டிகளுக்கு லீவர் அடியில், பிராக்கெட்டுக்கும் லீவருக்கும் நடுவே 2-3 மில்லிமீட்டர் இடைவெளி என்று சொல்லியிருப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அளக்கும் இடம் வேறு. பெரிய திருத்தம் எல்லாம் கீழே, ஓட்டும்போது வேண்டிய சின்னத் திருத்தம் மட்டும் மேலே. ஹேண்டில் பக்கத்தில் மட்டும் திருப்பிக்கொண்டே போனால் கடைசியில் மரை தீர்ந்துவிடும், அட்ஜஸ்டரும் ஆடும்.

15 மில்லிமீட்டர் வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் வழுக்கல் முக்கால்வாசி போய்விட்டது. நியூட்ரல் சுத்தமாகப் போய்விட்டது. முதல் கியர் போடும்போது "டங்" என்று ஒரு சத்தம், வண்டி அரை அடி தாவுகிறது. பிளேவை, அதாவது லீவர் சும்மா அசையும் அந்த அளவைக் குறைத்தால் நியூட்ரல் வருகிறது, வழுக்குகிறது. கூட்டினால் வழுக்கவில்லை, நியூட்ரல் வரவில்லை. நடுவில் எங்கே வைத்தாலும் இரண்டும் பாதிப் பாதி. அட்ஜஸ்டரை எங்கே நிறுத்தினாலும் இரண்டு குறையும் ஒன்றாகத் தீரவில்லை என்றால் இனி வெளியே திருப்பிப் பயனில்லை, உள்ளேதான் போக வேண்டும். ஒரு மணி நேரத்தில், பைசா செலவில்லாமல் இந்த முடிவுக்கு வந்துவிடலாம். நான் பல மாதம் கழித்து வந்தேன்.

கவரைக் கழற்றும் முன் மலிவான சந்தேகங்கள் இரண்டைத் தீர்த்துக்கொண்டேன். கேபிள்: லீவர் பக்கம் நிப்பிளுக்கு (கேபிள் நுனியில் இருக்கும் உலோகக் குமிழ்) கீழே உள்கம்பியில் மூன்று இழை அறுந்து முள்ளாக நின்றது. புதுசு 180 ரூபாய். பழைய கேபிளின் கீழ் முனையில் ஒரு நீளமான சணல் கயிறு கட்டி மேல் பக்கமாக உருவினேன், கயிறு டேங்குக்கு அடியில் அதே வழியில் நின்றது, அதில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்துவிட்டேன். வழி மாறி எங்காவது நெருக்கி வளைந்தால் புதுக் கேபிளும் இறுகும். லீவர் பிவட்டுக்கும் நிப்பிளுக்கும் கொஞ்சம் கிரீஸ். பிடிப்பது பஞ்சாகிவிட்டது, ஆனால் நியூட்ரல் அப்படியேதான் இருந்தது. அடுத்தது ஆயில்: இந்தக் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் மூழ்கியே வேலை செய்வது, கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் சரக்கு இதற்கு ஆகாது, வழுக்கும். பழைய டப்பாவைத் தேடிப் பார்த்தேன், ஜாஸோ எம்ஏ2 என்று அச்சிட்டிருந்தது, ஆயிலில் மூழ்கும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறியீடு அது. அந்தச் சந்தேகமும் போயிற்று.

சனிக்கிழமை மதியம் கழற்ற ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு முன் ஒரு கார் நிற்கும் அகலத்தில் சிமெண்ட் தரை, வீட்டுக்காரம்மா ஒரு சொட்டு ஆயில் பார்த்தாலும் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அதனால் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் பேப்பர். ஆயிலை வடித்தேன். வலது ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றினேன். பிரேக் பெடல் கவருக்குக் குறுக்கே நிற்கிறது. அதைக் கழற்றாமல் ஒரு கயிற்றால் கீழே இழுத்துக் கட்டினால் கவர் வர இடம் கிடைத்துவிடுகிறது, பின் சக்கரமும் பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டு பின்னால் உதவும், சொல்கிறேன். கிக்கர், கேபிள் கழற்றியாயிற்று. கவரில் இருப்பவை 8 மில்லிமீட்டர் தலை போல்ட்டுகள், நீளம் ஒரே மாதிரி இல்லை. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எந்த இடமோ அங்கே அட்டையிலேயே குத்தி வைத்தேன். நீளப் போல்ட்டைக் குட்டை இடத்தில் திருகி கேஸிங்கை உடைத்தவர்கள் கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

எல்லாப் போல்ட்டும் வந்த பிறகும் கவர் வராது. கவருக்கும் கேஸிங்குக்கும் நடுவே ஆயில் கசியாமல் இருக்க வைக்கும் பேப்பர் பேக்கிங் பிடித்திருக்கும். இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்ப வேண்டாம், அலுமினிய முகம் கீறினால் அதன் வழியாக ஆயில் கசியும். ரப்பர் சுத்தியல் இல்லாததால் சப்பாத்திக் கட்டையில் துணி சுற்றி விளிம்பெல்லாம் தட்டினேன், விட்டுக்கொடுத்தது.

உள்ளே நான்கு ஸ்பிரிங் போல்ட். 10 டி ஸ்பேனரால் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், ஒன்றை மட்டும் முழுசாகக் கழற்றினால் மேல் பிளேட் சாய்ந்து நெருக்கும். மேல் பிளேட், நடுவில் பேரிங், ஸ்பிரிங்குகள் வந்தன. பேரிங்கை விரலில் சுற்றினால் சத்தமில்லை. அதற்கடுத்து நின்றுவிட்டேன். நடுவில் இருக்கும் நட்டு சாதாரண ஆறு முனை நட்டு இல்லை, வட்டமாக, நான்கு பக்கம் வெட்டு விட்டது. அதற்கென்று நான்கு பல் சாக்கெட் வேண்டும். உளியை வைத்துத் தட்டிக் கழற்றும் வீடியோக்கள் இருக்கின்றன, அந்த வெட்டு மழுங்கிவிட்டால் பிறகு எந்தச் சாக்கெட்டும் பிடிக்காது.

மர்பி டவுனில் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், வயது அறுபதுக்கு மேல். அவரிடம் போய், "அண்ணா, கிளட்ச் நட்டு சாக்கெட் ஒன்னு கிடைக்குமா, சாயங்காலம் தந்துடறேன்" என்றேன். பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்தார். கடையில் விற்பது இல்லை. பழைய ஸ்பார்க் பிளக் குழாய் ஸ்பேனரின் ஒரு முனையில் நான்கு பல் மட்டும் விட்டு மீதியை அரத்தால் ராவி எடுத்திருந்தார். பல்லின் ஓரங்கள் கைபட்டுக் கைபட்டு வெள்ளி நிறத்தில் மின்னின, மேல் முனையில் கம்பி நுழைக்க இரண்டு ஓட்டை. "எடுத்துட்டுப் போ தம்பி. கியர்ல போட்டுட்டுக் கழட்டு, இல்லைன்னா ராத்திரி பூரா சுத்திக்கிட்டே இருக்கும்" என்றார். ஐந்தாவது கியரில் போட்டேன், பிரேக் பெடல் ஏற்கெனவே கட்டியிருப்பதால் சக்கரம் அசையாது, அதோடு சேர்ந்து அந்த நட்டு பிடித்திருக்கும் நடுப்பாகமான கிளட்ச் சென்டரும் அசையாது. கம்பியில் எடை வைத்து அழுத்தியதும் நட்டு ஒரே திருப்பில் விட்டது. சென்டர், பிளேட்டுகள், கடைசியில் ஹவுசிங் எல்லாம் கையோடு வந்தன. வந்த வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து, அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ.

இனி அளவுகள். கிளட்சுக்குள் இன்ஜினோடு சுற்றும் உராய்வுப் பிளேட்டுகளும் கியர் பக்கத்தோடு சுற்றும் ஸ்டீல் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும், ஸ்பிரிங் அமுக்கினால் சேர்ந்து சுற்றும், லீவரைப் பிடித்தால் பிரியும். வெர்னியரில் உராய்வுப் பிளேட்டுகள் 2.60-லிருந்து 2.66 மில்லிமீட்டர் வரை. புதுசு 3.0, 2.6-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று மேனுவல். ஆக எல்லையில் நிற்கிறது, தாண்டவில்லை. ஒன்றில் மட்டும் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஸ்பிரிங்குகள் புதுசைவிட ஒரு மில்லிமீட்டர் சுருங்கியிருந்தன. ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டு நீலம் பாரித்திருந்தன, நல்ல சூடு கண்ட நிறம். டீப்பாயின் கண்ணாடியை எடுத்து அதன்மேல் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டு இதழ்கள்) விட்டேன்: வளைவு 0.2 வரை பொறுக்கலாம், ஒரு பிளேட்டின் கீழே 0.25 இதழ் தாராளமாகப் போய் வந்தது.

இவை எல்லாம் வழுக்கலுக்குப் பதில். ஒட்டுவதற்குப் பதில் ஹவுசிங்கில் இருந்தது. ஹவுசிங் என்பது சுற்றிலும் விரல்கள் நிற்கும் அலுமினியக் கிண்ணம், உராய்வுப் பிளேட்டின் காதுகள் அந்த விரல்களின் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருப்பும்போதும் விடும்போதும் அந்தக் காதுகள் விரல்களின் பக்கவாட்டில் மோதிக்கொண்டே இருக்கும். பிளேட்டின் காது மோதும் இடம் தேய்ந்து பள்ளம், இரண்டு பிளேட்டுக்கு நடுவே தேயாத இடம் மேடு. விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் டக் டக் என்று எண்ணலாம். ஆழம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் லீவரைப் பிடிக்கும்போது பிளேட்டுகள் அந்த விரல்களில் வழுக்கி ஒதுங்க வேண்டும், அப்போதுதான் ஒன்றையொன்று விடும். காது பள்ளத்தில் மாட்டினால் எப்படி ஒதுங்கும்?

இப்போது கதை வரிசையாகிவிட்டது. பள்ளத்தில் காது மாட்டி ஒட்டியதால் நியூட்ரல் விழவில்லை. அதற்குக் கேபிளை இறுக்கியதும் கூடுதல் தள்ளல் கிடைத்து எப்படியோ பிரிந்தது, நியூட்ரல் விழுந்தது. ஆனால் பிளே இல்லாமல் போனதால் லீவரை விட்ட பிறகும் ஸ்பிரிங் முழு பலத்தோடு அமுக்கவில்லை, வழுக்கியது. வழுக்கியதில் சூடேறி ஸ்டீல் பிளேட் வளைந்தது, வளைந்த பிளேட் இன்னும் ஒட்டியது, மறுபடி இறுக்கினார்கள். இன்னொன்று: கேபிள் நீண்டால் லீவரில் பிளே கூடும், உராய்வுப் பிளேட் தேய்ந்தால் என் வண்டி மாதிரி அமைப்பில் பிளே குறையும். அதனால் யாரும் தொடாமலே லூஸ் குறைந்துகொண்டு வந்தால் தேய்வது பிளேட், கேபிள் இல்லை. எனக்கு அட்ஜஸ்டரைத் திருப்பியது பாதி, பிளேட் தேய்ந்தது மீதி.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு ஜே.சி. ரோட்டுக்குப் போனேன், டவுன்ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் நடந்தால் இரண்டு பக்கமும் ஸ்பேர் கடைகள்தான். பழைய பிளேட் ஒன்றும் வெர்னியரும் கையில் கொண்டு போனது நல்லதாயிற்று. "ஒரிஜினல் பேக்கா, லோக்கல் பேக்கா?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் மேஜையில் வைத்தார் கடைக்காரர். லோக்கல் செட் 280, அளந்தால் ஒரே செட்டுக்குள் 2.85-ம் இருக்கிறது, 3.05-ம் இருக்கிறது. ஒரிஜினல் 620, எல்லாம் 3.0-ஐ ஒட்டியே. அதை வாங்கினேன். கூடவே ஸ்டீல் பிளேட் செட் 280, ஸ்பிரிங் 90, பேக்கிங் 70. ஹவுசிங் 1,750 சொன்னார். சிவாஜிநகரில் பழைய பாகங்கள் விற்கும் பக்கம் போனால் ஹவுசிங் 500-க்குக் கிடைத்தது, ஆனால் எடுத்துப் பார்த்த இரண்டிலும் என்னுடையதைவிட ஆழமான பள்ளம். சரி, இருப்பதையே ராவிப் பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன்.

ராவும் வேலையை மட்டும் அவசரப்படாமல் செய்தேன். ஆறு அங்குலத் தட்டை அரம், நைஸ் ரகம். அலுமினியம் அரத்தின் பல்லில் அப்பிக்கொண்டு வேலையைக் கீறிவிடும், அதற்கு அரத்தின்மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் ஒட்டாது, பையனின் சாக்பீஸ் டப்பா பாதி காலி. மேடுகளை மட்டும் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டு வருவதுதான் குறி, பள்ளத்தை மேலும் தோண்டுவது இல்லை. ஒவ்வொரு விரலுக்கும் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு, நகத்தை வைத்துப் பார்ப்பது, மறுபடி. ஒரு பக்கம் மட்டும் அதிகம் எடுத்தால் எல்லாக் காதுகளும் ஒரே நேரத்தில் உட்காராமல் ஒன்றிரண்டு மட்டும் பாரம் தாங்கும். முடிந்ததும் மண்ணெண்ணெய்க்குப் பதில் டீசலில் கழுவி, ஹவுசிங்கின் பின்பக்கம் அதிர்ச்சியைத் தாங்கும் டேம்பர் ஸ்பிரிங்குகள் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஆடவில்லை.

முந்தைய இரவே உராய்வுப் பிளேட்டுகளைப் புது ஆயிலில் ஊறப் போட்டுவிட வேண்டும், காய்ந்ததை அப்படியே மாட்டினால் முதல் சில நிமிடத்திலேயே கருகும். பிரியாணி வந்த பிளாஸ்டிக் டப்பா அதற்குச் சரியான அளவு.

நிஜமாகவே நேரம் தின்றது பேக்கிங் சுரண்டுவதுதான். பழைய பேப்பர் கேஸிங்கில் பெயின்ட் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. பெட்ரோல் நனைத்த துணியை வைத்து ஊற விட்டு, ஷேவிங் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினேன். முன்னதாக உள்ளே எல்லாம் துணியால் அடைத்தாயிற்று, துகள் ஆயிலில் போனால் பம்ப் வலையை அடைக்கும். முதுகு போய்விட்டது. கீழ் மூலையில், கவரை இடம் மாறாமல் உட்கார வைக்கும் டவல் பின்னுக்குப் பின்னால் ஒரு துணுக்கு இருந்திருக்கிறது, தெரியவில்லை.

மாட்டும்போது வரிசை: உராய்வு, ஸ்டீல், உராய்வு, ஸ்டீல், முடிவதும் உராய்வில். ஸ்டீல் பிளேட்டுகளை விரலால் தடவினால் ஒரு பக்க விளிம்பு கூர், மறு பக்கம் மழுங்கல், எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தேன். லாக் வாஷரில் 'அவுட்சைட்' என்று பொறித்த முகம் வெளியே. நடு நட்டை அந்தத் திருப்பத்தூர் அண்ணனையே கூட்டி வந்து இறுக்கச் சொன்னேன், இறுக்கும் பலத்தை அளக்கும் என் சின்ன டார்க் ரெஞ்ச் சைக்கிளுக்கு வாங்கியது, அந்த அளவுக்கு எட்டாது. ஸ்பிரிங் போல்ட்டுகளுக்கு அது போதும், 12 நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமாக. கவர் மூடும் முன் மேல் பிளேட் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். அண்ணன் ஒரு டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, லீவரில் 15 மில்லிமீட்டர் வைத்து ஸ்டார்ட் செய்தேன். நின்ற இடத்தில் நியூட்ரல், முதல், நியூட்ரல், இரண்டாவது, எல்லாம் விரலால் போடலாம் போல. காலையில் பார்த்தால் அட்டையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆயில் வட்டம். கீழ் மூலை, அந்தத் துணுக்கு. ஆயிலைச் சுத்தமான ட்ரேயில் வடித்து, கவரைத் திறந்து, துணுக்கை எடுத்து, இன்னொரு 70 ரூபாய் பேக்கிங் போட்டு மூடினேன், அதே ஆயிலைத் திருப்பி ஊற்றினேன். அதன்பின் கசிவு இல்லை.

ஓட்டியதில் முதலில் உறைத்தது கிளட்ச் பிடிக்கும் இடம் மாறிப்போனது. முன்பு லீவரை முக்கால்வாசி விட்ட பிறகுதான் வண்டி நகரும், இப்போது பாதியிலேயே நகர்கிறது, முதல் நாள் இரண்டு முறை தாவியது. டொம்லூர் சிக்னலில் சூடான இன்ஜினோடு நியூட்ரல் ஒரே தட்டில் விழுந்தது. ஐந்தாவது கியரில் 60-க்கு 5,000, பட்டென்று திருப்பினாலும் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறுகின்றன. புதுப் பிளேட் படியும்வரை சில நூறு கிலோமீட்டர் மேட்டில் பாதி கிளட்சில் நிறுத்தி வைப்பதைத் தவிர்த்தேன். அப்புறம் ஒரு முறை குளிர்ந்த இன்ஜினில் பிளே பார்த்தேன், புதுக் கேபிள் கொஞ்சம் நீண்டு 20-ஐத் தாண்டியிருந்தது, கீழ் நட்டில் ஒரு சுற்று. சூட்டில் அளவு கொஞ்சம் மாறும், அதனால் எப்போதும் ஆறின பிறகு வைத்து, சூட்டில் ஓட்டிச் சரிபார்ப்பது நல்லது.

ஒரு குறை இருக்கிறது. ஐடிலிங்கில் லேசான கடகட சத்தம், கிளட்சைப் பிடித்தால் போய்விடும். ராவியதில் காதுக்கும் விரலுக்கும் இடைவெளி கூடியதன் விளைவு. ஓட்டும்போது கேட்காது.

செலவு: கேபிள் 180, உராய்வுப் பிளேட் 620, ஸ்டீல் 280, ஸ்பிரிங் 90, பேக்கிங் இரண்டு 140, ஆயில் 420, மொத்தம் 1,730 ரூபாய். அரமும் ஃபீலர் கேஜும் வாங்கியது தனியாக 330. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹவுசிங்கோடு சேர்த்து 4,800 கேட்டார்கள், அது நியாயமான விலைதான், அவர்கள் ஹவுசிங்கைப் புதுசாகவே போடுவார்கள்.

அடுத்த முறை நானும் ஹவுசிங் புதுசுதான் போடுவேன், 0.3-க்கு ராவியாயிற்று, இன்னொரு முறை ராவ அதில் சதை இல்லை. பேக்கிங்கை முதலிலேயே இரண்டாக வாங்குவேன். வேலையைச் சனிக்கிழமை மதியம் ஆரம்பிக்காமல் காலையில் ஆரம்பிப்பேன், ஞாயிறு ஜே.சி. ரோட்டில் ஷட்டர் எல்லாம் மூடியிருக்கும், இரண்டு நாள் வண்டி வயிறு திறந்து கிடந்தது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து மர்பி டவுன் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன், அங்கே மொத்தமாகச் சேர்த்து எடுத்துப் போகிறவர்கள் வருகிறார்கள். லீவர் பிவட் ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது, அதனால் லீவர் நுனி மேலும் கீழும் ஆடுகிறது. பிளே அளக்கும்போது அந்த ஆட்டத்தையும் சேர்த்து அளந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லீவர் 110 ரூபாய்தான், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது வாங்க வேண்டும்.